மடமா, தோட்டமா, தவறணையா, அக்கரையா? யாழ்ப்பாணத்திலிருந்து வைன் சுவைக்கக் கிளம்புவோருக்கு

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனருக்கு, ‘எங்கள் ஊரிலும் வைன் செய்கிறார்கள், குடித்துப் பாருங்கள் அத்தான்’ என்று கொழும்புத்துறை மடத்துப் போத்தலைத் திறந்து ஊற்றுவது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கமாக நடக்கிற காரியம். அவரும் ஒரு மிடறு குடித்துவிட்டு, ‘நல்ல இனிப்பு’ என்பார். அவருடைய தீர்ப்பு முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். மரியாதை தெரிந்தவர், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். போத்தலில் பிழை ஒன்றும் கிடையாது. ஆளுக்கும் போத்தலுக்கும் பொருத்தம் பார்க்காமல் ஊற்றியதுதான் பிழை.

சிறிய அளவில் வைன் செய்கிற இடங்களைத் தேடிப் போய், செய்பவர் வாயால் கதை கேட்டு, அங்கேயே இரண்டு மூன்று வகையைச் சுவைத்து வருவது இப்போது பல நாடுகளில் விருப்பமான சுற்றுலா. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு நாளைக் கழிக்க ஆசைப்படுபவருக்கு என்னென்ன வழி இருக்கிறது? செபமாலைச் சபையினரின் மடங்கள் இருக்கின்றன. வலிகாமத்துச் செம்மண்ணில் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. தவறணை என்று நாங்கள் சொல்லும் கள்ளுக்கடைகளில் பனங்கள் இருக்கிறது. பலாலியில் விமானம் ஏறினால் இந்தியாவின் திராட்சைப் பிரதேசங்கள் வெகு தூரமில்லை.

இவற்றில் எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. போகிறவர் யார், எந்த மாதம் போகிறார் என்று கேட்க வேண்டும். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் கள், வைன் செய்யும் இடத்தை ஒருநாளும் பார்த்திராத உள்ளூர்க்காரருக்கு இந்தியாவின் நந்தி மலை அல்லது நாசிக். மடத்து வைனை இரு தரப்பும் வாங்கலாம், ஆனால் அதற்காக ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டியதில்லை.

மடத்துப் போத்தல்

வசாவிளானுக்கு அருகே தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கியது செபமாலைத் தாசர் சபை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்துக் குருவானவர் அவர். மண்ணுக்கேற்ற தியான வாழ்வு, சாதி பார்க்காத சேர்க்கை என்று அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டும் புதிதாக இருந்தன. வசாவிளான் சுற்றுவட்டாரம் போர்க்காலத்தில் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்ததால், நடுவயதில் இருக்கும் பலருக்குத் தோலகட்டி என்றால் இடம் நினைவுக்கு வராது, சபையின் நெல்லிரசம் என்கிற நெல்லிக்காய்ச் சாறுதான் நினைவுக்கு வரும். சபையின் கன்னியர் கிளை கொழும்புத்துறை வீதியில் இருக்கிறது. அங்கே ‘ரொசெற்றோ’ என்ற பெயரில் வைன், முந்திரிகை இரசம், நெல்லிரசம் எல்லாம் விற்கிறார்கள்.

துறவிகளுக்கும் முந்திரிகைக்கும் உறவு பழையது. பிரான்சின் பர்கண்டியில் பெயர்பெற்ற தோட்டங்களைப் பண்படுத்தியவர்களில் சிஸ்டர்சியத் துறவிகள் முக்கியமானவர்கள். ஆனால் அந்த ஒப்புமையை வைத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனால் ஏமாற்றம் வரும். அங்கே சுவைத்துப் பார்க்க மேசை கிடையாது, பீப்பாய் அடுக்கிய நிலவறை கிடையாது, சுற்றிக் காட்டும் வழிகாட்டி கிடையாது. அமைதியான ஒரு விற்பனை இடம். போத்தலைக் கேட்கிறீர்கள், கடதாசியில் சுற்றித் தருகிறார்கள், காசைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அவர்கள் வாழ்க்கையின் நடு செபம். வைன் அதற்குத் துணையாக நடக்கிற உழைப்பு. ‘எந்த ஆண்டுப் பழம் சிஸ்டர், எந்தப் பீப்பாய்?’ என்று குறுக்குக் கேள்வி கேட்பது பொருந்தாது.

வைன் எப்படி இருக்கும்? கறுவாவும் கராம்பும் முதலில் மூக்கைப் பிடிக்கும். பிறகு இனிப்பு. பழத்தின் வாசனை அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் யாராவது குடித்தால் நத்தார்ச் சந்தையில் சூடாக்கி விற்கும் வாசனைத் திரவிய வைனை உடனே நினைத்துக்கொள்வார். உண்மையில் அதுதான் இதைக் குடிக்கச் சரியான முறையும்கூட: கார்த்திகை, மார்கழி மழை இரவில், கொதிக்க விடாமல் இளஞ்சூடாக்கி, சின்னக் கிளாஸில். ஐஸ் போட்டுக் குடித்தால் இனிப்பு மட்டும்தான் மிஞ்சும். உணவோடு குடிக்கிற வைன் என்று எண்ணி நண்டுக் கறியோடு வைத்தால் இரண்டும் கெடும். கிறிஸ்மஸ் கேக் துண்டோடு வைத்தால் இரண்டும் உயரும்.

ஒரு விளக்கம் இங்கே தேவை. மடத்தில் விற்பதுதான் பூசையில் பயன்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி திருப்பலிக்கான இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்து வந்த இயற்கையான, கெடாத இரசமாக இருக்க வேண்டும். வாசனைத் திரவியம் இட்ட போத்தலுக்கு அங்கே இடமில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறும் திருநாட்களும் வேண்டாம். வார நாள் முற்பகல் நல்லது. உடையில் கொஞ்சம் அடக்கம் இருக்கட்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஆகவே இதை வேறு ஏதாவது பயணத்தோடு சேர்த்துக்கொள்வதுதான் கெட்டித்தனம்.

பந்தலின் கீழ்

உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, சுன்னாகம் பக்கம் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே முந்திரிகைப் பந்தல்கள் தென்படும். புகையிலை, வெங்காயம், மரவள்ளி, வாழை என்று கண்ணுக்குப் பழகிய தோட்டங்களின் இடையில் அந்தப் பந்தல் வேறொரு தேசத்தின் துண்டு மாதிரி இருக்கும். உள்ளே குனிந்து நுழைந்தால் வெளியில் இருந்த வெயில் பாதியாகிவிடும். தலைக்கு மேல் கம்பிகளில் கொடி பரவி, இலைகளுக்கு இடையே குலைகள் கீழ்நோக்கித் தொங்கும். ஒரே குலையில் பச்சையும் செம்மையும் கருநீலமுமாகப் பழங்கள். கருநீலப் பழத்தின் மேல் பூத்திருக்கும் சாம்பல் படலத்தை விரலால் தொட்டால் அச்சு அப்படியே விழும்.

இங்கே பரவலாகப் பயிரிடப்படுவது ‘இஸ்ரேல் புளூ’ என்ற வகை. மேசையில் வைத்துச் சாப்பிடும் பழம் அது. வைனுக்கென்று வளர்க்கும் திராட்சை சின்னதாக, தோல் தடித்து, விதை பெருத்து, சாறு இனிப்பேறி இருக்கும். சாப்பிடும் பழம் பெரிதாக, நீர் நிறைந்து, தோல் மெலிந்து இருக்கும். இந்த வேறுபாட்டை எளிய கணக்கில் சொல்லலாம். ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி நொதித்தால் 1 வீதம் மதுசாரம் உண்டாகும். 12 வீதம் வேண்டுமென்றால் லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் சீனி பழத்திலேயே இருக்க வேண்டும். சாப்பிடும் பழத்தில் அவ்வளவு ஏறுவது அபூர்வம். ஆகவே இந்தப் பழத்தில் வைன் செய்ய முனைகிற எவரும் வெளியிலிருந்து சீனி போட்டாக வேண்டும். ஊரில் நத்தாருக்கு வீட்டுச் சாடியில் வைன் போடும் அம்மாமாருக்கு இந்தக் கணக்கு தெரியாமலிருக்கலாம், கை அளவு தெரியும்.

மண்ணில் குறையில்லை. குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். ஷாம்பெயினும் பர்கண்டியும் பெருமை பேசுவதும் சுண்ணாம்பு நிலத்தைத்தான். இதைக் கேள்விப்பட்டவர்கள் ‘அப்படியானால் ஏன் நாமும்...’ என்று தொடங்குவார்கள். இரவுகளைக் கேளுங்கள் என்பேன். பழத்தின் புளிப்பைக் காப்பது இரவுக் குளிர். யாழ்ப்பாணத்தில் இரவும் வெக்கை. பழம் பழுக்கும்போதே புளிப்பு கரைந்துவிடுகிறது. புளிப்பு இல்லாத வைன் உப்பில்லாத கஞ்சி.

கொடிக்கு இங்கே குளிர்காலத் தூக்கமும் கிடையாது. ஐரோப்பாவில் பனி வந்து இலையை உதிர்க்கிறது. இங்கே அந்த வேலையைத் தோட்டக்காரரின் கத்தரிக்கோல் செய்கிறது. கத்தரித்து நான்கு மாத அளவில் பழம். வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவோ பழமோ மாட்டிக்கொண்டால் பூஞ்சண நோய் வந்து குலை முழுவதும் போய்விடும். அதனால் எப்போது கத்தரிப்பது என்பதுதான் இந்த விவசாயத்தின் முழுச் சூட்சுமம். தோட்டக்காரரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். அரை நாள் பேசுவார்.

தோட்டத்தைப் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது. வேலிக்கு வெளியே நின்று, ‘ஐயா, ஒருக்கால் பார்க்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் வாருங்கள் என்பார்கள். பழம் வாங்காமல் வருவது அழகில்லை. கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட வேண்டாம். மருந்து அடிக்காமல் இந்த ஊரில் முந்திரிகை நிற்காது, நன்றாகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போக மிக நல்ல இடம். வைன் சுவைக்கப் போகிறவருக்கு இங்கே சுவைக்க ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கரைக்குப் போவதென்றால்

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானதும், இடையில் நின்றுபோய் 2022 இறுதியில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியதும் இந்தப் பேச்சை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. முன்பெல்லாம் கொழும்புக்குப் போய்ச் சேரவே ஓர் இரவு ஆகும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது. ஆனால் கடலும் காலநிலையும் சொல்கிறபடிதான் அது ஓடும், அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். இந்திய விசா வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அருகில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் நிலம். மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அங்கே விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர் நாடுகளில் வருடத்துக்கு ஒரு அறுவடை என்றிருக்க, கம்பத்தில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். தமிழ் பேசும் ஊர், வழி கேட்கச் சிரமமில்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இவ்வளவு இருந்தும் நான் கம்பத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன், வைனுக்காகப் போவதாக இருந்தால். பன்னீர்த் திராட்சையும் அடிப்படையில் சாப்பிடும் பழம். வாசனை அபாரம், வைனாகும்போது அந்த வாசனையும் இனிப்பும்தான் நிற்கும். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருப்பதால், சிறிய உற்பத்தியாளர் வாசலில் மேசை போட்டு வருகிறவருக்கு ஊற்றிக் கொடுத்துக் கதை சொல்லும் பழக்கம் வளரவில்லை. உரும்பிராய்ப் பந்தலை நூறு மடங்காகப் பார்க்க வேண்டும் என்றால் கம்பம் அருமை. சுருளி அருவியில் குளித்துவிட்டு, ஒரு பெட்டி பழம் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

வைனை வைனாகப் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் வடக்கே போக வேண்டும். பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில், நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கம் குரோவர் குடும்பம் 1988இல் தொடங்கிய தோட்டம் இருக்கிறது. இன்று குரோவர் சாம்பா என்று பெயர். பிரெஞ்சு வைன் வகைகளை இந்திய மண்ணில் ஊன்றிப் பார்த்த முன்னோடிகள் அவர்கள். பிரான்சின் பெயர்பெற்ற வைன் வல்லுநர் மிஷேல் ரொலான் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தார். கடல் மட்டத்திலிருந்து 900 மீற்றர் அளவு உயரம் என்பதால் இரவு குளிரும். யாழ்ப்பாணத்துக் கொடிக்குக் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது. பெங்களூர் விமான நிலையமும் நகரத்தின் அதே திசையில் இருப்பதால், சென்னை வழியாகப் போகிறவருக்கு நகர நெரிசலுக்குள் நுழையாமலே காரியம் முடியும்.

நாசிக் இன்னும் பெரிய உலகம். மும்பையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். கலிபோர்னியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ராஜீவ் சமந்த் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் வைன் 2000ஆம் ஆண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல. சூலாவுக்குப் போனால் கூட்டம், இசை, சாப்பாட்டுக் கடை என்று திருவிழாக் களை. சிறிய இடத்தைத் தேடுகிறவர் முக்னே அணைக்கரையில் இருக்கும் வலோனே போன்ற இடத்துக்குப் போகலாம். அங்கே ஏரியைப் பார்த்துக்கொண்டு, ஊற்றுகிறவரிடம் நிதானமாகப் பேச முடியும். தை முதல் பங்குனி வரை அறுவடைக் காலம். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 10 பாகை அளவுக்கு இறங்குவதுதான் நாசிக்கின் பலம். ஆனி முதல் புரட்டாசி வரை மழை, மலைகள் பச்சையாக இருக்கும், கொடியில் பழம் இருக்காது.

நந்தியா நாசிக்கா? பெற்றோருடன் புட்டபர்த்தியோ பெங்களூர் வைத்தியசாலையோ என்று ஏற்கெனவே அந்தப் பக்கம் போகிற எண்ணம் உள்ளவர் நந்தி மலைக்கு ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளட்டும். வைனுக்கென்றே காசு சேர்த்துப் போகிறவர் நாசிக் போகட்டும், ஏனென்றால் ஒரே வட்டாரத்தில் நான்கைந்து இடத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் நாக்கு பழகாது. ஒரே இடத்தில் குடித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். அடுத்த தோட்டத்து செனின் பிளாங் என்ற வெள்ளை வைனைக் குடித்த பிறகுதான் முதலாவதில் புளிப்புக் குறைவு என்று தெரியும். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேசையில் ஒரு வாளி இருக்கும், சுவைத்துவிட்டு அதில் துப்பலாம். நம்மவர்கள் அதை அவமரியாதை என்று எண்ணி ஐந்து கிளாஸையும் விழுங்கிவிட்டு மூன்றாவதுக்குப் பிறகு எது என்னவென்று தெரியாமல் இருப்பார்கள். துப்புங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆனால் பாரிஸிலிருந்து வந்த அத்தானை நாசிக்குக் கூட்டிப் போகாதீர்கள். அவர் வீட்டிலிருந்து ரயிலேறினால் 45 நிமிடத்தில் ரெய்ம்ஸ், ஷாம்பெயினின் தலைநகர். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு நயாகரா தோட்டங்கள் ஒன்றரை மணி நேரம். பனி விழுந்து வெப்பம் மைனஸ் 8 பாகைக்குக் கீழே போனபின் உறைந்த பழத்தைப் பறித்துச் செய்யும் ஐஸ் வைன் அவர்களுடைய ஊர்ச் சரக்கு. பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் இருந்துவிட்டு விடுமுறைக்கு இங்கே வந்து நாசிக்குக்கு விமானம் ஏறுவது வீண் செலவு. அவர்களுக்கு ஐரோப்பாவிலும் கனடாவிலும் கிடைக்காத ஒன்று இங்கே மரத்தில் தொங்குகிறது.

பனையடியில்

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அக்கரையில் திராட்சை வைன் செய்யலாம், கள் இறக்கினால் வழக்கு. இக்கரையில் கள்ளுக்குத் தடையில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே, ஊர்ச் சுவை தேடி வருகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் முதலில் காட்ட வேண்டியது கள் என்பது என் கட்சி. மண், மரம், காலம், செய்பவர் கை எல்லாம் நாக்கில் தெரிய வேண்டும் என்று வைன்காரர்கள் சொல்கிறார்களே, அதெல்லாம் இங்கே ஒரே ஓலைப் பிளாவுக்குள் இருக்கிறது.

விடியற்காலையில் பார்க்க வேண்டும். சீவல் தொழிலாளி கால்களில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு ஏறுவார். உச்சியில் ஓலைக்குள் மறைந்துவிட்டால் கத்தி பாளையில் உரசும் ஒலி மட்டும் கீழே வரும். முதல் நாள் மாலை கட்டிய முட்டியை, அதாவது மண்கலயத்தை, இறக்கும்போது வாயில் நுரை பொங்கி நிற்கும், நுரையில் தேனீயும் எறும்பும் மிதக்கும். பன்னாடையில் வடித்தால் வெண்மையாகக் கலங்கிய கள் கீழே வரும். பச்சைப் பனையோலையை மடித்து நுனியைக் கட்டிச் செய்யும் பிளாவில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினால் பாதிச் சுவை போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பச்சோலையின் மணம் கள்ளில் கலப்பதைக் கவனித்தவர் அதை மறுக்க மாட்டார்.

வைனை ஆண்டுகளால் அளக்கிறார்கள், கள்ளை மணி நேரத்தால் அளக்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நொதியங்கள் வேலையைத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் அடங்கி, இனிப்பான கருப்பநீராக இறங்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காலையில் இனிப்பும் இலேசான புளிப்புமாக, மதியத்தில் காரமேறி, மாலையில் புளிப்பு முன்னால் வந்து, மறுநாள் வினாகிரியின் பக்கம் சாய்ந்துவிடும். மதுசாரம் பொதுவாக 4 முதல் 6 வீதம், பியர் அளவுதான். ஆகவே சுவைக்க விரும்புகிறவருக்கு என் யோசனை இது: முதலில் கருப்பநீர், அடுத்து இறக்கிய சூட்டில் காலைக் கள், அதே முட்டியில் கொஞ்சத்தை மூடி வைத்து மதியம் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். ஒரே மரத்தின் ஒரே சாறு ஒரு பகலுக்குள் நான்கு குணம் காட்டுவதை எந்த வைன் நிலவறையிலும் பார்க்க முடியாது. தென்னங்கள்ளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது இலகுவாகவும் மென்மையாகவும் இருக்கும், பனையின் அழுத்தமான வாசனை இருக்காது.

தடைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முதலாவது காலம். பனங்கள் தை, மாசியில் தொடங்கி வெயில் காலம் நெடுக இருக்கும், மாரியில் தென்னங்கள்ளை நம்ப வேண்டியதுதான். வெளிநாட்டு உறவினர்கள் கூட்டமாக வருவது ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கு. கொடியேறினால் 25 நாளும் பாதி யாழ்ப்பாணம் மரக்கறி. வீட்டில் அம்மம்மா விரதம் இருக்கும்போது கள்ளுப் பேச்சை எடுக்காதீர்கள். பனங்கள்ளுக்காகவே வருவதென்றால் பங்குனி, சித்திரைதான் வசதி. நோன்மதி என்கிற பௌர்ணமி நாட்களில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தவறணை. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் தவறணைகளில் கள் உரிமத்தோடு, நியாயமான விலையில் கிடைக்கும். பொரித்த மீனும் கணவாயும் பக்கத்தில் விற்பார்கள். ஆனால் அது ஆண்கள் கூடும் இடம், குடும்பத்தோடு போய் உட்கார்கிற இடமாக இன்னும் மாறவில்லை. சட்டமும் இதில் விசித்திரமானது. மதுச்சாலை வளாகத்துக்குள் பெண்களுக்கு மது விற்பதை 1979ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்று தடுத்தது. 2018 தையில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தடையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நாசிக்கில் அக்காவும் தங்கையும் மேசையில் உட்கார்ந்து சுவைத்துப் பார்க்கலாம், இங்கே அவர்களுக்குக் கள் வேண்டுமென்றால் வீட்டு ஆண் யாராவது போத்தலோடு போய் வாங்கி வர வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அக்கரை தெளிவாக முன்னே நிற்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எவ்வகை மதுவும் விற்கக் கூடாது என்பது தனி.

மூன்றாவது கலப்படம். சீனிக் கரைசல் கலந்த கள்ளில் இனிப்பு தட்டையாக இருக்கும், நுரை சீக்கிரம் அடங்கிவிடும், குடித்தபின் நாக்கில் ஒட்டும். தெரிந்தவர் மூலம், இறக்குகிற இடத்துக்கு அருகே குடிப்பதுதான் பாதுகாப்பு. ஏறுகிறவரின் வேலையை நின்று பார்க்கும்போது முதலில் வணக்கம் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இரண்டு வேளை ஏறி இறங்கும் மனிதரை வேடிக்கைப் பொருளாக்கி ஒளிப்படம் எடுத்துப் போட்ட விருந்தாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

கள் வேண்டாம், ஆனால் பனையின் சுவை வேண்டும் என்பவர்கள் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களுக்குப் போகலாம். வடமராட்சியின் திக்கம் வடிசாலையோடு பெயர் சேர்ந்த பனஞ்சாராயம் வேறு சங்கதி. அது வடித்த சரக்கு, சுவைத்துப் பார்க்கும் நாளில் அதைக் கலந்தால் மற்றது எதுவும் நாக்கில் நிற்காது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒப்பிட ஆசைப்படுபவர் பங்குனியில் ஒரு வார நாளைத் தெரிவு செய்து, காலையில் பனையடி, முற்பகலில் கொழும்புத்துறை மடம், பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் உரும்பிராய்ப் பந்தல் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோ பிடியுங்கள். மாலையில் ஒரு வாய் பார்த்தபின் மிஞ்சுகிற கள்ளை ஊற்றிவிடாமல் அம்மாவிடம் கொடுங்கள். அப்ப மாவு புளிக்க அதைவிட நல்லது கடையில் கிடையாது, மறுநாள் காலைப் பாலப்பத்துக்கு ஆகும்.